எலி ஒரு பிராணி இல்லையாம்!

நண்பர் ஒருவர் சென்ற வாரம் வீடு தேடி வந்து என்னோடு சண்டை போட்டார். சோதனைச்சாலைப் பிராணிகளின் நலனுக்காக விஞ்ஞானிகளே சங்கங்கள் அமைத்திருப்பதை ஒரு கூட்டத்தில் நான் பாராட்டிப் பேசிவிட்டேன். அதுதான் குற்றம்.

"கசாப்புக் கடைக்காரர்கள் கூடி ஜீவகாருண்ய சங்கம் நடத்துகிறார்கள். அதற்கு நீர் மாலை போடுகிறீர். எழுதுகிறவருக்கு வெட்கமாக இல்லையா?" என்றார்.

பிறகு காப்பி குடித்தார். சட்டைப் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து விழுங்கினார். அது அவர் வாய்க்கு வருவதற்கு முன் எத்தனை பிராணிகளின் உடம்பில் புகுந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. என் தாயார் பதினான்கு ஆண்டுகள் இன்சுலினால் உயிர் வாழ்ந்தார். 1921ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துக் கண்ட மருந்து அது. அந்த நாய்களுக்கு நான் கடன்பட்டவன். கடன்பட்டவன் கடனே இல்லை என்று சாதிப்பதும், கடன் கொடுத்தவனை அடிப்பதும் ஒரே ரக அயோக்கியத்தனம்தான்.

ஆகவே கேள்வி இதுதான்: இந்தக் காரியம் நடக்கிறவரை அதை எப்படி நடத்துவது?

இதை முறையாகக் கேட்டவர்களில் ஒருவர் மேஜர் சார்லஸ் ஹியூம் என்ற ஆங்கிலேயர். 1926ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பிராணி நலச் சங்கம் தொடங்கினார். கண்ணீரை நம்பாமல் விஞ்ஞானத்தை நம்பிய சங்கம் அது. பின்னாளில் அது பல்கலைக்கழகங்களின் பிராணி நலக் கூட்டமைப்பாக வளர்ந்தது. அதன் ஏற்பாட்டில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் ஆராய்ந்து 1959ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் சாரம் மூன்றே கட்டளைகள்: பிராணி இல்லாமல் முடியுமானால் அப்படிச் செய், முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறை, அதற்கும் மேலே, வேதனையைக் குறை. இன்று உலகெங்கும் இந்தத் துறையில் எழுதப்படும் விதிகளுக்கு அந்த மூன்றும்தான் அஸ்திவாரம். அமெரிக்காவில் 1950ல் சிகாகோவில் சில கால்நடை மருத்துவர்கள் கூடி ஆரம்பித்த சங்கம், கூண்டு கழுவுகிற பணியாளருக்கும் பாடம் வைத்துப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் தருகிறது. என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே. பிராணியின் முகத்தைத் தினமும் காலையில் முதலில் பார்ப்பவர் அந்தப் பணியாளர்தானே!

நண்பரே, இதுவா உமக்குக் கசாப்புக் கடைச் சங்கம்?

ஆனால் மாலையைக் கழற்றவேண்டிய இடமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன்.

1965ல் அமெரிக்காவில் பெப்பர் என்ற வீட்டு நாய் காணாமற்போயிற்று. கைமாறிக் கைமாறி நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனையில் அது செத்தது. மறு ஆண்டு 'லைஃப்' பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்துப் போட்டது. நாடே கொதித்தது. 1966லேயே சட்டம் வந்தது. நல்லது. நாய்க்கு வீடு உண்டு. அழுவதற்கு ஒரு குழந்தை உண்டு. எலிக்கு யார் உண்டு? நெடுங்காலம் விதிகளில் அதற்கு இடமில்லை. வழக்குப் போட்டார்கள். 2000ல் அரசாங்கத்தின் வேளாண்மைத் துறை இறங்கி வந்து, எலிகளுக்கும் விதி வகுக்க இசைந்தது. உடனே ஆராய்ச்சி ஸ்தாபனங்களின் தரப்பிலிருந்து கூக்குரல் எழுந்தது: செலவாகும், காகித வேலை பெருகும்! 2002ல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவையும் அந்தச் சட்டத்தின்படி 'பிராணி' அல்ல!

சோதனைச்சாலைகளில் மிகப் பெரும்பான்மை எலிகளே. அவற்றைக் கழித்துவிட்டுப் பிராணிகளைக் காப்பது, நெல்லைக் கழித்துவிட்டு அறுவடைக் கணக்குப் பார்ப்பது போன்றது. அங்கே அரசாங்கப் பணம் பெறும் ஆய்வகங்களில் வேறு விதிகள் எலியையும் காக்கின்றன, உண்மை. ஆனால் நாட்டின் சட்டத்தில் அதற்குப் பெயரே இல்லை. ஐரோப்பாவோ 2010ல் இயற்றிய சட்டத்தில் கணவாயையும் ஆக்டோபஸையும்கூடச் சேர்த்துக்கொண்டது.

செலவு என்றார்களே, கேளுங்கள். எலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அது நடுங்குகிறது. ஒரு சிறு குழாய்க்குள் நுழையவிட்டோ, குவித்த கையிலோ எடுத்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது. 2010ல் இங்கிலாந்தின் லிவர்பூல் விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். அதே ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார், வலியில் எலியின் கண் இடுங்குவதையும் காது நிலை மாறுவதையும் கொண்டு அதன் வேதனையை அளக்க முடியும் என்று காட்டினார்கள். ஒரு குழாய்க்கும் ஒரு பார்வைக்கும் என்ன செலவு? பயந்து நடுங்கும் எலி தரும் முடிவையும் முழுக்க நம்ப முடியாது. கருணையும் விஞ்ஞானமும் இங்கே ஒரே கட்சி.

நமக்கும் வருவோம். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் போராடியதன் பலனாக 1960ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மனிதன் நீங்கலாக எந்த உயிரும் பிராணியே என்கிறது அது. ஒரே வரி, எலியும் உள்ளே வந்துவிட்டது. பரிசோதனையை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. மேற்பார்வைக்கு ஒரு குழு அமைக்க வழி செய்தது. அமெரிக்கர்களைவிட நாம் உசத்தி என்று மார் தட்டத் தோன்றும். தட்ட வேண்டாம். சட்டம் எலியை எண்ணிவிட்டது; கூண்டுக்குள் நீளும் கை எண்ணியதா? அந்தக் கைக்கு யார் பாடம் சொல்லித் தந்தார்கள்? என்ன சம்பளம் கொடுத்தார்கள்?

சங்கங்கள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். சட்டம் நம் பாசத்தைத் தொடர்ந்து வரும்; நாம் கொஞ்சும் பிராணிக்கே முதலில் காவல் போடும். யாரும் கொஞ்சாத பிராணிக்காகப் பேச, அதன் வலியைப் படித்துத் தெரிந்துகொண்ட தொழில்காரன் வேண்டும். அவன் தன் சகாக்களின் சௌகரியத்துக்காக வாய் மூடினால் அவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அவன் பேசும்போது கேலி செய்யாதீர்கள்.

நண்பரே, அடுத்த முறை மாத்திரையை விழுங்குமுன் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பாரும். வேறொன்றும் வேண்டாம். கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.