ஒரே தீவு, இரண்டு நாடு: 2025-ல் அயர்லாந்து சாதித்தது என்ன?

தெற்கே அயர்லாந்து குடியரசு, வடக்கே பிரிட்டனின் கீழ் வட அயர்லாந்து. வரைபடத்தில் இப்படித்தான். ஆனா, விளையாட்டில் கதையே வேற!

ரக்பி: இரு பகுதிக்கும் ஒரே அணி. சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் ஹாட்ரிக் பட்டம் கைநழுவியது. பிரான்ஸ் சாம்பியன்.

கோல்ஃப்: மாஸ்டர்ஸ் வென்ற ரோரி மெக்கில்ராய், நான்கு மேஜர் பட்டங்களையும் கைப்பற்றிய 6-வது வீரரானார். பிறந்தது வட அயர்லாந்து. ஒலிம்பிக்கில் ஆடியது அயர்லாந்துக்காக.

தடகளம்: டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் ஹெப்டத்லானில் கேட் ஓ'கானர் அயர்லாந்துக்கு வெள்ளி வென்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் இவரே வட அயர்லாந்துக்காக வெள்ளி வென்றவர்.

எப்படி இது? வடக்கில் பிறந்தவர்கள் ஐரிஷ், பிரிட்டிஷ் அல்லது இரண்டுமாகவே இருக்கலாம் என்கிறது 1998 சமாதான ஒப்பந்தம். அதனால, பதக்கம் வந்தா கொண்டாட எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கு.