முன்னுரை, பொருளுரை, முடிவுரை

நம்முடைய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கட்டுரை ஒப்பிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். எழுதுவது வேறு, ஒப்பிப்பதைக் காகிதத்தின்மேல் செய்வது வேறு. இரண்டுக்கும் பேனா வேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு சம்பந்தம் கிடையாது.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். வினாத்தாளிலேயே குறிப்புகள் கொடுத்துவிடுகிறார்கள்: முன்னுரை, அப்புறம் நாலைந்து உட்தலைப்புகள், கடைசியில் முடிவுரை. பையன் செய்ய வேண்டியதெல்லாம் அந்தத் தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி நிரப்புவதுதான். நிரப்புகிற சரக்கு கடையில் விற்கிற நோட்ஸில் தயாராக இருக்கிறது. முன்னுரையில் ஒரு பொன்மொழி, நடுவிலே ஒரு குறள், முடிவுரையில் நாமெல்லாரும் பாடுபட்டு நாட்டை உயர்த்துவோம் என்று ஒரு சபதம். தலைப்பு மரம் வளர்ப்பாக இருந்தாலும் சரி, சாலைப் பாதுகாப்பாக இருந்தாலும் சரி, சபதம் மட்டும் மாறுவதில்லை.

இதைத்தான் 'ஒழுங்கான அமைப்பு' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டுரைக்கு அமைப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கதை எழுதிப் பிழைக்கிறவன் அப்படிச் சொன்னால் அவன் தொழிலே அவனைப் பார்த்துச் சிரிக்கும். இவர்கள் கற்றுக் கொடுப்பது அமைப்பே அல்ல என்பதுதான் என் கட்சி.

ஓசூரில் லேத் பட்டறையில் வேலை பழகுகிற எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். ஜிக் எதற்கு என்று சொல்லுவான். இரும்புத் துண்டை அசையாமல் பிடித்துக்கொள்வதற்கு. துளை விழ வேண்டிய இடத்தில் விழுவதற்கு. ஜிக்கிலே இரும்பே வைக்காமல் டிரில்லை இறக்கினால் சத்தம் வரும், சாமான் வராது. 1970-களில் சிப்காட் வந்த நாளிலிருந்து லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து நாட்டுக்கெல்லாம் அனுப்புகிற ஊர் இது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும் வெறும் ஜிக்கையே சாமான் என்று காட்டி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள்!

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது வருஷா வருஷம் பள்ளிக்கூடங்களில் எழுதப்படும் தலைப்பு. அதற்கு ஓசூர்ப் பிள்ளைகள் எழுதுவது என்ன? நதி நம் தாய், தாயை மாசுபடுத்தலாமா, நீரின்றி உலகில்லை, மரம் நடுவோம், மழை பெறுவோம். அந்தப் பிள்ளைகளின் ஊரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்து அங்கே தேங்குகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை எழும்புகிறது. சில வருஷங்களில் அது சாலையின்மேல் ஆளுயரத்துக்கு வந்து நிற்கிறது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். மாணவனும் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறான். பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்து, நதி நம் தாய் என்று எழுதுகிறான்!

இது அவன் குற்றமா? கண்ணால் கண்டதைக் கட்டுரையில் எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எழுதினால் எந்த உட்தலைப்பின் கீழ் எழுதுவது? நுரைக்கு உட்தலைப்பு கொடுக்கப்படவில்லையே!

அவனை விட்டுப் பாருங்கள். இந்த நுரை எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் கொடுங்கள். முதலில் ஆறு வருகிற வழியைச் சொல்லியாக வேண்டும். சொன்னவுடனே, வழியில் அதிலே என்ன கலக்கிறது என்று அடுத்த கேள்வி தானே எழும். சலவைத் தூளும் சோப்பும் கலந்த நீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்கும்போது நுரைக்கிறது என்று விளக்க வேண்டிவரும். அப்படியானால் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற வயலுக்கு என்ன ஆகிறது, அதை நம்பியிருக்கிற குடியானவன் கதி என்ன என்று மூன்றாவது கேள்வி. இதை யார் நிறுத்த வேண்டும், பெங்களூரா, ஓசூரா, சென்னையா, டில்லியா என்று நாலாவது. பாருங்கள், ஒவ்வொரு பத்தியும் முந்தைய பத்தியின் வயிற்றிலிருந்து பிறந்துவிட்டது. ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. இதற்குப் பெயர்தான் அமைப்பு. நோட்ஸ் கட்டுரையின் நடுப் பத்திகளைக் கத்தரித்துக் குலுக்கிப் போட்டு எந்த வரிசையில் ஒட்டினாலும் ஒரு சேதமும் வராது. சேதம் வராது என்பதே அதில் அமைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி.

இந்த விஷயம் ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். 1580-இல் பிரெஞ்சுக்காரர் மோந்தேன் தம்முடைய உரைநடைகளுக்கு இட்ட பெயருக்கு 'முயன்று பார்த்தல்' என்று அர்த்தம், அது இருக்கட்டும். நம்முடைய நன்னூலுக்கு வருவோம். அதைச் செய்த பவணந்தியாரை ஆதரித்தவன் சீயகங்கன் என்ற கங்கர் குலத்துச் சிற்றரசன். குவளாலபுரம் தங்கள் மூதூர் என்று பெருமை பேசிய குலம் அது. குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் அடுத்த சீமை. ஆக, கட்டுரை ஆசிரியனுக்குச் சொல்ல வேண்டிய புத்தி ஏறக்குறைய எண்ணூறு வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்து வீட்டுக்காரனின் தயவில் சொல்லியாகிவிட்டது. நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொல்கிறார் பவணந்தியார். கூறியது கூறல் ஒரு குற்றம். பொருளில்லாமல் சொல்லை அடுக்குகிற வெற்றெனத் தொடுத்தல் ஒரு குற்றம். எடுத்த விஷயத்தை விட்டு மற்றொன்றை விரித்தல் ஒரு குற்றம். போகப் போகத் தேய்ந்து இறுவது ஒரு குற்றம். நம் பிள்ளைகள் இதை இலக்கணத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். பிறகு கட்டுரைக்குப் போய் அந்தக் குற்றங்களையே செய்து, அதற்கும் மதிப்பெண் வாங்குகிறார்கள்! முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் திருப்பிச் சொல் என்று நாமே கற்றுக் கொடுத்தால் கூறியது கூறல் எப்படிக் குற்றமாகும்?

இனி, எனக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லுகிற நியாயத்தையும் கேட்போம். ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "வெளியே நின்று பேசுவது சுலபம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டிலே முதல்முதலாகப் பள்ளிக்கூடம் மிதித்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டமாவது இருந்தால்தான் நாலு மதிப்பெண்ணாவது வாங்கித் தேறுவார்கள். திருத்துகிறவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு கட்டு விடைத்தாள். அவர் உட்தலைப்பைத்தான் பார்ப்பார்." இதில் பொய் ஒன்றுமில்லை. ஆசிரியரின் சிரமம் நிஜமானது. ஆனால் நடக்கத் தெரியாத குழந்தைக்கு நடைவண்டி கொடுக்கலாம்; பதினைந்து வயதுப் பையனை நடைவண்டியோடேயே மேடையேற்றிப் பரிசு கொடுப்பதுதான் அநியாயம். ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று சொல்லுகிற கருணை இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் அப்பனோடு வாதாடியாவது ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்கிறது. மற்றப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் கதி ஏது?

அடுத்தது பாஷைப் பிரச்னை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் வீட்டிலே தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிற பிள்ளைகள் ஏராளம். 2006-ஆம் வருஷச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, முதல் வகுப்பில் தொடங்கி வகுப்பு வகுப்பாக மேலே ஏறி 2016-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தொட்டது. விலக்குக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், விலக்கும் கிடைத்தது. சட்டத்தின் நியாய அநியாயத்தை இங்கே பேசப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கட்டுரை என்று நாம் கொடுத்தது என்ன? அர்த்தம் புரியாமல் உருப்போட ஒரு மந்திரம். சிந்தனையின் வரிசைக்குப் பாஷை கிடையாது. மாங்காய் விலை ஏன் விழுந்தது என்பதைத் தெலுங்கிலே ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பெண்ணுக்குக் கட்டுரை பாதி வந்தாகிவிட்டது. முதலில் அவள் பாஷையிலேயே வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவளுக்குத் தெரிந்த தமிழில், பிழையோடாவது, எழுதச் சொல்லுங்கள். பிழையைத் திருத்திவிடலாம். இல்லாத விஷயத்தை யாரால் திருத்த முடியும்?

இந்தச் சீமையில் தொரப்பள்ளிக் கிராமத்தில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை அறவே ஒப்பாதவன் நான். ஆனாலும் அவருடைய தமிழ் உரைநடையைப் பாருங்கள் என்பேன். ரசாயன சாஸ்திரத்தையே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியவர் அவர். வழக்கை எந்த வரிசையில் சொன்னால் நீதிபதிக்கு விளங்கும் என்று கோர்ட்டிலே பழகிய வக்கீல் புத்தி அதற்குள்ளே வேலை செய்கிறது.

கட்டுரை எழுதத் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. குடி முழுகத்தான் போகிறது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பையன் இங்கே ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேருகிறான். ஒரு நாள் இயந்திரத்தில் ஏதோ பழுது. சக தொழிலாளியின் விரல் போய்விடுகிறது. ஏன் உன்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கையிலே மெமோ கொடுக்கிறார்கள். நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். எத்தனை மணிக்கு ஷிப்டு தொடங்கிற்று, பழுதை யாரிடம் சொன்னேன், அவர் என்ன சொன்னார், பிறகு என்ன நடந்தது, ஆகையால் குற்றம் என்னுடையதல்ல — இவ்வளவுதான் எழுத வேண்டியது. அவனுக்கு எல்லாம் தெரியும். வரிசையாக எழுதத்தான் தெரியாது. பத்து வருஷம் கட்டுரை எழுதியவன், ஐயா! கடைசியில் யாரோ எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். இப்படி வந்த வாலிபர்களை நான் அறிவேன்.

ஆகவே ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. மாதத்துக்கு ஒரு கட்டுரையாவது நோட்ஸில் இல்லாத, உள்ளூர் விஷயமாக இருக்கட்டும். எழுதுவதற்கு முன், நீ சொல்லப் போவது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வையுங்கள். அது வராதவரை பேனாவைத் தொடவிடாதீர்கள். படிக்கிறவனுக்கு முதலில் எது தெரிய வேண்டும், அடுத்து எது என்று வாயால் வரிசை சொல்லட்டும். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் வாசல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். சொன்னதையே திருப்பிச் சொல்லுகிற முடிவுரையை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள்.

வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு எதைச் செய்யும் என்பதை நிர்ணயிக்கிறவர்கள் நீங்கள்தான். குறிப்புகளையும் உட்தலைப்புகளையும் எடுத்துவிட்டு, ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: உன் ஊரில் நீ கண்ட ஒரு குறை என்ன, அது எப்படி வந்தது, அதை யார் தீர்க்க வேண்டும்? பிள்ளைகள் திணறுவார்கள். முதல் வருஷம் மதிப்பெண் குறையும், பெற்றோர் கூச்சல் போடுவார்கள், நோட்ஸ் வியாபாரிக்கு நஷ்டம் வரும். வரட்டும். மறு வருஷம் கெலவரப்பள்ளி நுரையைப் பற்றி எந்தக் கமிஷன் அறிக்கையிலும் இல்லாத சங்கதிகள் அந்த விடைத்தாள்களில் வரும். அவற்றைப் படிப்பதற்கு நமக்குத் தைரியம் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.