இரவல் புத்தகம் தரும் இன்பம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

'புத்தகக் காதலர்' என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவர் யார்? வரிசையாகக் கண்ணாடி பீரோக்கள். நடுவே ஒரு சாய்வு நாற்காலி. அதில் மூக்குக் கண்ணாடியுடன் ஒரு பெரிய மனிதர். திரைப்படங்கள் நமக்குக் காட்டிப் பழக்கிய படம் அது. அந்தப் படத்தில் குரங்கணி மலையடிவாரத்துப் பையனுக்கு இடமில்லை. எங்கள் வீட்டில் பீரோ என்று ஒன்று வந்தால் அதில் முதலில் ஏறுவது துணிமணியும் ரேஷன் கார்டுமாகத்தான் இருக்கும். ஆயினும் நானும் புத்தகக் காதலனே! அதுமட்டுமன்று, சொந்தப் புத்தகம் வைத்திருப்பவரைவிட இரவல் வாங்கிப் படிப்பவனுக்கே இன்பம் அதிகம் என்று வாதிடவும் துணிகிறேன்.

இரவல் புத்தகத்துக்கு ஒரு கெடு உண்டு. அலமாரியில் சொந்தமாக உறங்கும் புத்தகத்தை 'நாளை பார்க்கலாம்' என்று தள்ளிப் போடலாம். பதினான்கு நாளில் திருப்பித் தரவேண்டிய புத்தகம் அப்படி விடாது. போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் இருபது பக்கம் நிச்சயம். அடுப்பங்கரையில் உலை கொதிக்கும் நேரத்தில் ஐந்து பக்கம். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோனால், மிச்சமிருக்கும் அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று இருட்டில் நாமே கற்பனை செய்துகொள்ளும் சுகம் வேறு!

இரவல் புத்தகத்துக்கு உறவினரும் உண்டு. கடைசித் தாளில் வரிசையாக விழுந்திருக்கும் தேதி முத்திரைகளைப் பாருங்கள். நமக்கு முன்னே எத்தனை பேர்! யாரோ ஒருவர் ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் மெல்லக் கோடிட்டிருப்பார். நாமும் அதே வரியில் நின்றிருந்தால், முகமறியாத நண்பர் ஒருவரோடு கைகுலுக்கியது போல் இருக்கும். (பேனாவால் கோடிடுவோரை நான் ஆதரிக்கவில்லை!)

பாட நூலிலும் இந்த இன்பம் ஒளிந்திருக்கிறது. ஏலச்செடியின் பெயர் எலட்டேரியா கார்டமோமம் என்றும், அதன் பூங்கொத்துகள் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் என்றும், காய் பிடிக்கத் தேனீக்களின் உதவி தேவை என்றும் நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு புத்தகமா? ஈ மொய்க்காட்டி காய் ஏது?" என்று அம்மா சிரித்தார். பல ஆண்டுகளாகக் குனிந்து காய் எடுத்த கைக்கு அது தெரியாதா? அம்மாவின் அறிவு அச்சில் ஏறியிருப்பதைக் கண்ட மகிழ்ச்சி அன்று முழுவதும் எனக்குக் குறையவில்லை.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருவோம். "முதலில் பாடப் புத்தகத்தைப் படி; வேலை கிடைத்த பிறகு கதைப் புத்தகம் படிக்கலாம்" என்கிறார் என் சித்தப்பா. என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அனைவரும் இதைக் கேட்டிருப்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. எங்கள் படிப்புக்காகக் காதுத் தோடு அடகுக்குப் போயிருக்கிறது என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால், எண்ணிப் பாருங்கள். படித்தவர் வீட்டுப் பிள்ளை சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தே சட்டம், வரலாறு, வெளியுலகம் எல்லாவற்றையும் காதால் கேட்டு வளர்கிறான். எங்களுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அந்தக் குறையை நிரப்பும் தாத்தாவும் பெரியப்பாவும் நூலகத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே பாடத்துக்கு வெளியே படிப்பது எங்களுக்கு ஆடம்பரமன்று. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது போன்றது.

மலைவாசிக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்போருக்கு, எங்கள் மலைக்கு அப்பாலிருந்தே ஒரு பதில் உண்டு. குரங்கணியிலிருந்து ஏறினால் டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் மூணாறு. அதற்கும் அப்பால் அடர்ந்த காட்டுக்குள் முதுவர் மக்கள் வாழும் இடமலைக்குடி. 2010-ல் அது கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கே பி.வி.சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் சிறிய தேநீர்க் கடையிலேயே ஒரு நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் கண்டு 2014-ல் எழுதியதால் வெளியுலகம் அதை அறிந்தது. இருந்தவை சுமார் 160 நூல்கள். அவையும் சாக்குப் பைகளில்! உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய். மாதம் 2 ரூபாய். யார் எதை எடுத்துப் போனார் என்பதற்குக் கையால் எழுதிய பதிவேடு. 2013-ல் மட்டும் 37 நூல்கள் இரவல் போயிருந்தன. அவற்றுள் இளங்கோவின் சிலப்பதிகாரமும் உண்டு! காட்டு வழியே நடந்து வந்து, ஒரு கட்டன் சாயா குடித்து, கண்ணகியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய அந்த வாசகரைவிடப் பெரிய புத்தகக் காதலர் யார்?

நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931-ல் வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரானவர் அவர். அறிவியல் மாணவர்களாகிய நாம் பெருமை கொள்ளலாம். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-ல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன்படி மக்கள் சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறார்கள். ஆக, நூலகப் புத்தகம் யாரோ போட்ட பிச்சையன்று. நம் வீட்டார் பணத்தில் வாங்கிய பண்டம். வாழ்நாள் முழுவதும் நூல்களைத் தேடிச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பும், 1992-ல் அவர் மறைந்தபின், 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி எல்லோருக்கும் பொதுவாயிற்று. சேர்த்தவரின் உழைப்புக்கு அதுவே முழுப் பயன்.

"எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறதே!" என்பார் நண்பர். கிடைக்கலாம். ஆனால் எங்கள் மலைச் சரிவில் சிக்னல் வருவதும் மேகம் விலகுவதும் ஒன்றுபோலத்தான்! புத்தகமோ பக்கத்தின் நடுவில் விளம்பரம் காட்டாது, மின்னேற்றமும் கேட்காது.

2023 ஜூன் 15-ல் போடிக்கு அகல ரயில் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 15-ல், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. போடிக்காரன் ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம், மகிழ்ச்சிதான். ஆனால் மலைமேல் காய் எடுப்பவரின் பிள்ளை மதுரைக்குப் போக எத்தனை நாள் கூலியை விட்டுக்கொடுப்பது? புத்தகம்தான் மலையேற வேண்டும்.

அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். கல்லூரி நூலக அட்டைகள் நம்மிடம் இருக்கின்றன. சனிக்கிழமை ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் நமக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என இரண்டு புத்தகங்கள் கொண்டு போவோம். வாரக் கடைசியில் தங்கை படிக்கட்டும். பக்கத்து வீட்டுத் தம்பி படிக்கட்டும். எழுத்தறியா அம்மாவுக்கு நாமே உரக்கப் படித்துக் காட்டுவோம். கெடு தவறாமல் திங்களன்று திருப்பிக் கொடுப்போம், அடுத்ததை எடுப்போம்.

தோழர்களே! தோழியரே! அந்தக் கடைசித் தாளில் அடுத்த முத்திரை உங்களுடையதாக இருக்கட்டும்!