பட்டிஸுக்கு லேபல் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பும் நாளில் வைத்தியர் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டு போனார். மாஜரின், பேஸ்ட்ரி, ரோல்ஸ், பட்டிஸ், கிரீம் பிஸ்கட். அவற்றில் பாதியைச் செய்வதற்கான கொழுப்பை பேக்கரிகளுக்கு விற்பவன் நான். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைக்குத் திரும்பியதும் களஞ்சியத்தில் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நாம் லேபல் வாசிக்காதவர்கள் அல்லர். ஹலால் முத்திரை உண்டா, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று துருவித் துருவிப் பார்ப்போம். ஆனால் ‘பகுதியளவு ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெய்’ என்ற வரியில், தாவரம் என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதியாகத் தாண்டிவிடுவோம். நானும் இருபது வருடமாகத் தாண்டியவன்தான்.

விடயமே அந்த வரியில்தான் இருக்கிறது. திரவ எண்ணெயை இறுகச் செய்யும் வேலையைப் பாதியில் நிறுத்தும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இத்தகைய கொழுப்பில் நாலில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அதுவாகவே இருக்கலாம். அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைக்கு 2.2 கிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலை குறைவு, இலகுவில் சிக்கு வாடை வராது, பேஸ்ட்ரி படை படையாக எழும்பும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் டென்மார்க் 2003இலேயே இதைக் கட்டுப்படுத்தியது. இந்தியா 2022இல் எல்லையை 2 சதவீதமாக்கியது. அங்கும் பேஸ்ட்ரி விற்கத்தான் செய்கிறார்கள்.

நமது நாட்டில் குளிர்பானங்களின் சீனிக்கு 2016இலும், ஏனைய உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கு 2019இலும் நிறக் குறியீடு வந்தது. நல்லது. ஆனால் அது பெக்கட்டுக்கு. தேநீர்க் கடையின் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பட்டிஸுக்கு லேபலும் இல்லை, சிவப்பு அடையாளமும் இல்லை. அதில் என்ன கொழுப்பு என்று அறியக்கூடியவர்கள் செய்பவரும், அவருக்கு விற்கும் என்னைப் போன்றவரும்தான்.

ஹைட்ரஜனேற்றம் செய்யாத பாம் எண்ணெய்க் கொழுப்புக்கு நான் மாறினேன். அதுவும் முற்றாக நல்லதென்று சொல்லமாட்டேன். ஏறத்தாழ அரைவாசி நிரம்பிய கொழுப்பு. ஆனாலும் பழையதை விட மேல். விலைதான் அதிகம். “நானா, பட்டிஸுக்கு அஞ்சு ரூபா கூட்டினா சனம் பக்கத்துக் கடைக்குப் போயிடும்” என்று சொல்லிவிட்டு இரண்டு பேக்கரிக்காரர்கள் வேறிடம் போனார்கள். மாறுவதற்கு முன் கையிருப்பில் இருந்த பழைய பெட்டிகளை நான் விற்றே தீர்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

இறக்குமதியாளரிடம் கொழுப்பின் விபரத் தாளைக் கேட்டபோது, “இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே” என்று சிரித்தார். நான் ஒருவன் கேட்டால் சிரிக்கலாம். ஒரே வீதியில் பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் தாளைத் தேடி எடுப்பார். அடுத்த ஓடர் கொடுக்கும்போது நீங்களும் கேளுங்கள், அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.