பார்சல் காசு எங்கே போகிறது?

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. புடவைக் கடை, இரும்புக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில்தான் பூட்டு விழுந்தது. ஆனால் எல்லாருடைய நஷ்டமும் ஒரே மாதிரியானதாக இருக்கவில்லை. புடவைக் கடைக்காரரின் துணி இறாக்கையில் அப்படியே கிடந்தது. இரும்புக் கடைக்காரரின் ஆணி ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது. சாப்பாட்டுக் கடைக்காரரின் கோழியும் குழைத்த மாவும் மறுநாள் வரை நிற்காது. இன்று விற்காத பகல் சாப்பாட்டை நாளைக்கு இரண்டாக விற்கவும் முடியாது. எந்த மனிதனும் ஒரு பகலுக்கு ஒரு சாப்பாடுதான் சாப்பிடுவான்.

நான் அரிசி, பருப்பு, சரக்குத்தூள் என்பவற்றை மொத்தமாக விற்பவன். என்னிடம் சாமான் எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் சிறிய ஹோட்டல்காரர்கள். அவர்களுடைய கல்லாவில் காசு விழுந்தால்தான் என் கல்லாவில் விழும். ஆகவே இந்த விடயத்தில் நான் நடுநிலையானவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தை வாசிக்கும் வியாபாரிகளில் பலருடைய நிலையும் என் நிலைதான் என்பதைக் கொஞ்சம் யோசித்தால் விளங்கும்.

கொவிட் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஏறிய கடனை இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கும் ஹோட்டல்காரர்களை எனக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொரு முடக்கம் எந்த உருவத்திலும் வரலாம், அப்போது எப்படி உதவுவது என்று யோசிக்கத் தொடங்கினால் நேரம் போதாது என்பது மற்றக் காரணம்.

அடி மேல் அடி

நமது ஊர்களில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு முதல் அடி கொவிட் அல்ல. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நடந்த பிரசாரத்தில் முதலில் ஆட்டம் கண்டவற்றுள் ஹோட்டல்களும் அடங்கும். அதிலிருந்து தலை நிமிர்வதற்குள் 2020 வந்தது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஊரடங்கு மே 26ஆம் திகதி வரை நீடித்தது. ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வருட நோன்பு முழுவதும் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. கஞ்சியும் சமூசாவும் விற்று வருடத்தின் நல்ல மாதத்தைப் பார்க்கும் கடைகளுக்கு அந்த மாதமே இல்லாமல் போனது. ஒக்டோபர் இறுதியில் மேல் மாகாணத்தில் மீண்டும் ஊரடங்கு. 2021இல் நோன்புப் பெருநாளும் பயணக் கட்டுப்பாட்டுக்குள் அகப்பட்டது. அதன் பின் மே 21 முதல் ஒரு மாதம், ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் முதலாம் திகதி வரை இன்னொரு முறை.

அதுவும் முடிந்தது என்று மூச்சு விட்டபோது எரிவாயுத் தட்டுப்பாடு. 2021 ஒக்டோபர் தொடக்கம் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நிவாரணம் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020இல் கடன் தவணைகளைத் தள்ளிப்போடவும், 4 வீத வட்டிக்கு நடைமுறை மூலதனக் கடன் வழங்கவும் மத்திய வங்கி ஏற்பாடு செய்தது. ஆனால் கணக்குப் புத்தகமே இல்லாத ஒரு தெருவோரக் கடை வங்கிக்குப் போய் எதைக் காட்டுவது? வட்டிக் கடனே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் மிஞ்சியது பார்சல் வியாபாரம் ஒன்றுதான். இருந்து சாப்பிடத் தடை இருந்த காலங்களில் பார்சலும் வீட்டு விநியோகமும்தான் பல அடுப்புகளை அணையாமல் வைத்திருந்தன.

ஒரு பார்சலின் கணக்கு

உதாரணத்துக்கு 600 ரூபா பார்சல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் அரிசி, கோழி, மரக்கறி, எண்ணெய், எரிவாயு, சுற்றும் தாள் எல்லாவற்றுக்குமாக 360 ரூபா போகிறது என்று வைப்போம். சம்பளம், கடை வாடகை, மின்சாரம், தண்ணீர் என்று 150 ரூபா. மிச்சம் 90 ரூபா முதலாளிக்கு.

அந்த 360 ரூபா எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு பங்கு என்னைப் போன்ற அரிசிக் கடைக்காரனுக்கு. ஒரு பங்கு கோழிக் கடைக்கு, அங்கிருந்து பண்ணைக்கு. ஒரு பங்கு மரக்கறி லொறிக்காரர் மூலம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அங்கிருந்து தோட்டக்காரருக்கு. இதில் முஸ்லிம் காசு, சிங்களக் காசு, தமிழ்க் காசு என்று பிரிக்க முடியாது. பகிஷ்கரிப்பு என்று கிளம்பியவர்கள் விளங்கிக்கொள்ளாத கணக்கு இது. அதே காரணத்தால், நம்மவர் கடையை மட்டும் ஆதரிப்போம் என்று சொல்வதும் அரைக் கணக்குத்தான். நமது தெருவில் நேர்மையாகச் சமைத்து விற்கும் கடை எதுவானாலும் அது ஓடினால் தெரு ஓடும்.

சம்பளப் பங்கும் வெளியே போவதில்லை. சமையற்காரரும் மேசை துடைக்கும் பொடியனும் அந்தச் சம்பளத்தைக் கொண்டுபோய் நமது கடைகளில்தான் செருப்பும் பால்மாவும் வாங்குகிறார்கள்.

நடுவில் நிற்பவர்

இப்போது அதே பார்சலைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் எடுக்கிறோம் என்று வைப்போம். இந்த நிறுவனங்கள் உலகெங்கும் ஹோட்டல்காரரிடம் தரகு அறவிடுகின்றன. அது 30 வீதம் வரை போகும் இடங்களும் உண்டு. 25 வீதம் என்று கணக்கிட்டாலே 600 ரூபாவில் 150 ரூபா போய்விடும். 360 ரூபா செலவும் போக மிஞ்சுவது 90 ரூபா. அதைக்கொண்டு சம்பளத்தையும் வாடகையையுமே முழுதாகக் கொடுக்க முடியாது. அடுப்பு எரியும், ஆட்கள் வேலை செய்வார்கள், முதலாளி கைக்காசு போடுவார். விலையைக் கூட்டிச் செயலியில் போட்டால் வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கிறார். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவருடைய பையிலிருந்து அந்தக் காசு வருகிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2020 ஏப்ரலில் இந்தத் தரகு 15 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டளையிட்டது. நியூயோர்க் நகரமும் அதே வருடம் உச்சவரம்பு விதித்தது. சிங்கப்பூரில் இருந்து சாப்பிடத் தடை விதிக்கப்பட்ட காலத்தில், தரகில் 5 வீதப் புள்ளிகளை அரசாங்கமே ஹோட்டல்காரருக்காக ஏற்றுக்கொண்டது. பெரிய முதலாளித்துவ நாடுகளுக்கே இது ஒரு பிரச்சினையாகத் தெரிந்திருக்கிறது.

செயலியே வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. கடையின் பெயரே தெரியாத ஒருவரை அது கொண்டுவந்து சேர்க்கும். சொந்தமாக ஆள் அனுப்ப முடியாத தூரத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்தச் சேவைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளியிருக்கும், இருபது வருடம் தெரிந்த கடையிலிருந்து கொத்து ரொட்டி எடுப்பதற்கும் நடுவில் ஒருவருக்குக் கால்வாசியைக் கொடுக்க வேண்டுமா? அந்தக் கடையின் தொலைபேசி இலக்கம் நமது கையில் இருக்கிறதே.

வியாபாரிகள் செய்யக்கூடியவை

முதலாவது, நேரடியாகத் தொலைபேசியில் சொல்லுங்கள். முடிந்தால் ஆள் அனுப்பி எடுங்கள்.

இரண்டாவது, கையில் காசு கொடுத்து எடுங்கள். முதலாளிமார் பலருக்கு ஹோட்டலில் மாதக் கணக்கு வைக்கும் பழக்கம் உண்டு. நல்ல காலத்தில் அது மரியாதை. முடக்க காலத்தில் அதே கணக்கு ஹோட்டல்காரரின் கழுத்தைப் பிடிக்கும். அவர் நாளைக்குக் கோழி வாங்குவது இன்று நாம் கொடுக்கும் காசில்தான்.

மூன்றாவது, உங்கள் கடையில் வேலை செய்பவர்களின் பகல் சாப்பாட்டை ஒரு கடையில் நிரந்தரமாகப் பேசிக்கொள்ளுங்கள். தினமும் பத்துப் பார்சல் நிச்சயம் என்றால் அவர் அளந்து சமைப்பார், வீணாகாது. எப்போதாவது ஒரு நாள் நூறு பார்சல் எடுத்து இரக்கம் காட்டுவதைவிட நாள் தவறாத பத்துப் பார்சல் பெரிய உதவி.

நான்காவது, எங்களைப் போன்ற சாமான் கொடுப்பவர்களுக்கு. பழைய நிலுவையையும் புதிய கொடுக்கல் வாங்கலையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. 2020இல் நான் செய்தது இதுதான். பழைய தொகையைத் தனித் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். அதற்கு வாரம் ஒரு சிறு தொகை. புதிய சாமான் காசுக்கு மட்டும். பழைய கடனைக் காட்டிச் சாமானை நிறுத்தியிருந்தால் கடையும் மூடியிருக்கும், என் காசும் போயிருக்கும். எல்லாரும் முழுதாகக் கட்டி முடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாமான் நிற்காத கடைகளில் பெரும்பாலானவை இன்று திறந்திருக்கின்றன.

ஐந்தாவது, கட்டடச் சொந்தக்காரர்களுக்கு. பூட்டிக் கிடக்கும் கடைக்கு முழு வாடகை கேட்டு ஆளை எழுப்பினால், ஊரே முடங்கியிருக்கும்போது அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்? பாதியை வாங்கி மீதியைத் தள்ளிப்போட்டவர்கள் நஷ்டப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஹோட்டல்காரருக்கும் ஒரு பங்கு

வாடிக்கையாளர் மட்டும் நடந்துகொண்டால் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு சிறிய கடை 2021 பயணக் கட்டுப்பாட்டு நாட்களில் மூன்றே மூன்று சாப்பாடுதான் சமைத்தது. காலை 10 மணிக்கு முன் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள வீடுகளின் இலக்கங்கள் எல்லாம் ஒரு அப்பியாசக் கொப்பியில். அனுமதி பெற்ற முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் நாட்கூலிக்கு ஓடினார். மேசைக்குப் பரிமாறியவர்களே சமையலறையில் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதே தெருவில் வழமையான நீண்ட பட்டியலை விடமாட்டேன் என்று நின்ற கடை பாதிச் சாமானைக் கொட்டிவிட்டு மூடிக்கொண்டது.

பார்சலுக்கு என்று ஒரு சமையல் ஒழுங்கும் வேண்டும். கறியைத் தனியாகக் கட்ட வேண்டும், சோறு ஊறக்கூடாது. பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பர் முதல் தடை. ஆகவே மாற்றுத் தாளின் விலையையும் பார்சல் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விலை ஏறினால் ஏறியது என்று சொல்லுங்கள், இறைச்சித் துண்டைச் சத்தமில்லாமல் சிறிதாக்காதீர்கள். முடக்க காலத்தில் ஏமாந்த வாடிக்கையாளர் நல்ல காலத்தில் திரும்பி வரமாட்டார். தினசரி விற்பனையைக் கொப்பியில் எழுதுங்கள், வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை நிவாரணம் அறிவிக்கப்படும்போது காட்டுவதற்கு ஒரு தாளாவது கையில் இருக்கட்டும்.

மூடிய சாப்பாட்டுக் கடையை மீண்டும் திறப்பது லேசான காரியமல்ல. சமையற்காரர் வெளிநாடு போய்விடுவார், பாத்திரம் விற்றுப் போய்விடும், கைப்பக்குவமும் அவர்களோடு போய்விடும். அந்த இடத்தில் வேறு கடை வரலாம், ஆனால் நம்மிடம் அரிசி எடுத்த கை அங்கே இருக்காது. இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் உள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளின் இலக்கங்களைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு, நாளைப் பகல் சாப்பாட்டுக்கு அதில் ஒன்றுக்குப் பேசுங்கள். எடுக்கும்போதே காசைக் கொடுத்துவிடுங்கள்.