“வீட்டுக்குப் போக விருப்பமில்ல டீச்சர்”



இரண்டு கிழமையாக வகுப்பில் ஒரே கதைதான். மாஸ்க் போட்ட ஒரு பொம்பிளை வருவாளாம். “நான் அழகா?” என்று கேட்பாளாம். ஓம் என்றால் மாஸ்கைக் கழற்றுவாளாம், வாய் காதுவரை கிழிந்திருக்குமாம். யாரோ ஒரு பிள்ளை போனில் பார்த்த ஜப்பான் படம். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பெற்றோர் சிலர் கோபமாக வொய்ஸ் போட்டிருந்தார்கள். பிள்ளைகளை ஏசுவதற்கு முன் என்னதான் இருக்கிறது என்று நாமும் அதைப் பார்த்தோம்.

கோஜி ஷிராய்ஷி இயக்கிய ‘குச்சிசாகே ஒன்னா’, 2007இல் வந்தது. கதை படத்தைவிடப் பழையது. கிஃபு பக்கமிருந்து கிளம்பிய வதந்தி 1979இல் சில மாதங்களில் ஜப்பான் முழுக்கப் பரவியது. கைப்போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. பல பாடசாலைப் பிள்ளைகள் ஒன்றுசேரும் டியூஷன் வகுப்புகள்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின என்பார்கள். சில இடங்களில் பாடசாலைகள் பிள்ளைகளைக் கூட்டமாகவே வீட்டுக்கு அனுப்பின. தப்புவதற்குப் பிள்ளைகளே வழியும் கண்டுபிடித்தார்கள்: “பரவாயில்லை” என்று சொல்வது, இனிப்பை எறிந்துவிட்டு ஓடுவது.

இது சின்னப் பிள்ளைகள் பார்க்கும் படமல்ல. அதில் பெற்றோரோடு நமக்கு வாதமில்லை. படமாகவும் பெரிய தரம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பேயல்ல.

படத்தில் மீக்கா என்றொரு மாணவி. தாய் அடிக்கிறாள். பிள்ளைகள் கடத்தப்படுவதால் ஆசிரியர்களே மாணவர்களை வீடுவரை கூட்டிப்போகிறார்கள். வீட்டுக்குப் போக விருப்பமில்லை, உம்மாவைப் பிடிக்காது என்று மீக்கா தன் ஆசிரியையிடம் சொல்கிறாள். அந்த ஆசிரியையும் ஒருகாலத்தில் தன் மகளுக்குக் கைநீட்டியவள். அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளை மனமுடைந்து விலகுகிறது. அப்போதுதான் வாய் கிழிந்தவள் வந்து தூக்கிப்போகிறாள். ஆபத்திலிருந்து காக்கக் கூடவே போன ஆசிரியையின் கண்முன்னால்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும் (பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள்). அந்தப் பேய், உயிரோடிருந்தபோது தன் பிள்ளைகளை வதைத்த ஒரு தாய். இப்போது ஊரிலுள்ள மற்றத் தாய்மாரின் உடம்பில் புகுந்து வருகிறாள். அவளைக் குத்தி வீழ்த்தினால் கீழே கிடப்பது யாரோ ஒரு பிள்ளையின் உம்மா. இதில் நமக்கு ஒரு குறை உண்டு. பேய் பிடித்ததால் அடித்தாள் என்பது நல்ல சாட்டு. நாமும் “ஷைத்தான் ஏறிட்டான், கை நீண்டுட்டு” என்று சொல்கிறவர்கள்தானே. ஆனால் அந்த ஆசிரியை அடித்தபோது அவளுக்குள் எந்தப் பேயும் இருக்கவில்லை. மீக்காவின் தாய்க்கும் அப்படியே. படம் அதை மறைக்கவுமில்லை.

போனைப் பறிப்போம், ஓதி ஊதுவோம், சரி. அதோடு, ஒரு பிள்ளை அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்கு எதைக் கண்டு பயம் என்று ஒருதரம் கேட்டுப் பார்ப்போமா? கேட்கும் நேரம் கையில் பிரம்பு இல்லாமல். இதை உம்மாமாருக்கு மட்டும் சொல்லவில்லை. வாப்பாமாருக்கும், நமது ஆசிரியர் அறைக்கும் சேர்த்துத்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளைகளே எடுக்கலாம்.

முன்னொரு வருடம் ஒரு பிள்ளை மணி அடித்த பிறகும் வகுப்பைக் கூட்டிக்கொண்டே நின்றது. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டியது. “கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டா டீச்சர்?” என்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “போம்மா, உம்மா தேடுவா” என்று கதவைப் பூட்டிவிட்டோம். பிறகு அது ஒருநாளும் கேட்கவில்லை.