ராகலையும் ராகைலயும்

பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய செய்திகளை யுனிகோடுக்கு மாற்றும் வேலையைக் கணினிப் பகுதியிடம் தள்ளிவிட்டு ஆசிரியபீடம் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். அது எழுத்திலக்கணம் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

காரணம் இதுதான். இலங்கையில் பத்திரிகைகளும் அலுவலகங்களும் பல்லாண்டு காலம் பாமினியிலேயே தட்டெழுதின. தட்டச்சுப்பொறியின் வழக்கப்படி அதில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் மெய்யெழுத்துக்கு முன்னால் விழும். யுனிகோடோ அவற்றைப் பின்னால் வைத்துச் சேமிக்கிறது. வரிசையைத் திருப்பாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் எங்கள் ராகலை ‘ராகைல’ ஆகிறது, வலப்பனை ‘வலப்பைன’, மலையகமோ ‘மைலயகம்’.

சாதாரணமான ‘தேடி மாற்று’ வசதியால் ஒவ்வொரு ஊரையும் தனித்தனியே திருத்தப் புகுந்தால் ஆயுள் போதாது. இங்கேதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கைகொடுக்கிறது. நிரல் எழுதுவோரின் எடிட்டர்களில், உதாரணமாக இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில், அந்தத் தெரிவை இட்டுவிட்டுத் தேடும் பெட்டியில் (ை)([க-ஹ]) என்றும் மாற்றும் பெட்டியில் $2$1 என்றும் எழுதுங்கள். சதுர அடைப்பு ‘ககரம் முதல் ஹகரம் வரை ஏதேனும் ஒரு மெய்’ என்கிறது. வளைந்த அடைப்புகள் அகப்பட்டதை நினைவில் வைத்திருக்கின்றன. மாற்றும்போது இரண்டாவது முன்னுக்கும் முதலாவது பின்னுக்கும் வருகின்றன. (கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்த கருத்தை 1968இல் கென் தாம்சன் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்தார். தமிழின் ஐகாரத்தை அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.)

ஆனால் ஒரு கோப்பில் இதை ஒரே தடவைதான் ஓட்டலாம். மறுமுறை ஓட்டினால் திருந்திய ‘மலையகம்’ ‘மலயைகம்’ ஆகிவிடும். ‘தொழிலாளர்’ போன்ற சொற்களில் கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நிற்பதால் அவற்றை முதலிலேயே தனி விதியால் ஒன்றுசேர்த்துவிட வேண்டும். மூலக்கோப்பின் பிரதி ஒன்று எப்போதும் கையிலிருக்கட்டும்.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று இன்றும் இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் தாராளமாகக் காணக்கிடைக்கிறது: ‘வௌிநாடு’, ‘வௌ்ளம்’. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஔகாரக் குறியின் வலப்பக்கமும் ளகரமும் ஒரே உருவம் என்பதால், மாற்றியை எழுதியவர் கொம்பு, மெய், ளகரம் என்ற வரிசையைக் கண்டதெல்லாம் ஔகாரம் என்று விதித்துவிட்டார். ஔகாரம் ஏறிய எழுத்தின்மேல் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். அந்தப் பாடத்தையே ௌ([ா-்]) என்று எழுதி, ெள$1 என்று மாற்றினால் வெளிநாடும் வெள்ளமும் மீண்டுவிடும். ‘கெளரவம்’, ‘பெளத்தம்’ என்று எதிர்த்திசையில் போன பிழைகளை மாத்திரம் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றவேண்டும். அங்கே ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை நம்பமாட்டேன்.

ஒரு குறி இடம்மாறியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தோட்டங்களிலிருந்து பிடுங்கித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் வாழ்கிறார்கள். தாத்தா சொன்ன ஊரின் பெயரை அவர்களில் ஒருவர் தேடும் பெட்டியில் ‘ராகலை’ என்று சரியாகத்தான் எழுதுவார். நமது காப்பகத்தில் அது ‘ராகைல’ என்று கிடந்தால், அங்கு நடந்த வேலைநிறுத்தமும் மண்சரிவும் மரண அறிவித்தலும் அவருக்கு அகப்படப்போவதில்லை. அச்சிட்ட தாளில் சரியாக இருந்த ஊரைக் கணினியில் ஏற்றும்போது நாமே தொலைக்கிறோம். பழைய இதழ்களைப் பத்திரப்படுத்தப் பணம் ஒதுக்குவோர், இரண்டு உதவி ஆசிரியர்களுக்கு இந்த அடைப்புக்குறிகளைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரமும் ஒதுக்கலாம்.